பின்சக்கர பிரேக் பேட், டிஸ்க் மாற்றுவது: புதுசை மாட்டுவது எளிது, துருவை எடுப்பதுதான் வேலை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் காரின் பின்சக்கர பிரேக் பேடையும் டிஸ்க்கையும் மாற்றப் போகிறேன். முன்சக்கர பிரேக்கை மாற்றிப் பழகியவர்கள்கூடப் பின்னால் வந்ததும் தடுமாறுவார்கள். காரணம், ஹேண்ட்பிரேக். அது பின் பிரேக்கோடு சேர்ந்தே இருக்கிறது. அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே உங்கள் காரில் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

சக்கரத்தோடு சுழலும் தகடு டிஸ்க், அதைப் பிடிக்கும் பேடுகளை அழுத்தும் கவ்வி காலிபர், அதற்குள் பேடைத் தள்ளும் உருளை பிஸ்டன். காலிபரின் பின்பக்கம் ஒரு கேபிள் வந்து சின்ன நெம்புகோலை இழுத்தால், பிஸ்டனுக்குள் திருகு மரை இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிஸ்டனை வெறுமனே அழுத்தினால் உள்ளே போகாது. அழுத்திக்கொண்டே திருக வேண்டும். காலிபரின் முதுகில் சின்ன மோட்டார் உட்கார்ந்திருந்தால் அது எலக்ட்ரானிக் வகை. அதை ஸ்கேனர் மூலமாகவோ கார்க் கையேட்டில் உள்ள முறைப்படியோ சர்வீஸ் நிலைக்கு, அதாவது மோட்டார் பின்வாங்கி நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கழற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல் பலவந்தமாக அழுத்தினால் மோட்டாரின் பல்சக்கரம் போய்விடும். சர்வீஸ் நிலையில் இருக்கும்போது யாரும் ஹேண்ட்பிரேக் பொத்தானைத் தொடக் கூடாது, உள்ளே உங்கள் விரல் இருக்கலாம். மூன்றாவது வகையில் டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள் குட்டி டிரம் பிரேக் இருக்கும். அதன் ஷூவைத் தளர்த்தாமல் டிஸ்க் வெளியே வராது. இன்று நான் பிரிக்கப்போவது முதல் வகை.

சரி, ஆரம்பிக்கலாம். சமமான, கெட்டியான தரை. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டேன். கியர் விழுந்திருக்கிறது, ஆட்டோமேட்டிக் என்றால் பி நிலையில் இருக்கட்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, காரை ஆக்சில் ஸ்டாண்டில், அதாவது எடையைத் தாங்கும் இரும்புத் தாங்கியில் உட்கார வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் கை வைக்காதீர்கள், இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது என்று தள்ளிப் பார்த்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விடுவிக்கிறேன். அது இழுத்த நிலையில் இருந்தால் பிஸ்டனும் திரும்பாது, டிஸ்க்கும் வராது.

இன்னொன்று, ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். கிளிப் எப்படி மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கம் பிரிக்காமல் இருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பேடும் டிஸ்க்கும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசாக இருந்தால் பிடிமானம் சமமாக இருக்காது.

சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். இந்தக் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்கு நல்லதல்ல. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரை அடித்து ஈரமாகவே துடைத்தெடுங்கள். காலிபரின் இரண்டு போல்ட்டையும் எடுத்தால் அது தனியாக வந்துவிடும். அதைப் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்க விடக் கூடாது. ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது. இதோ, ஸ்பிரிங்கில் ஒரு கம்பியைப் போட்டுக் கட்டிவிட்டேன்.

இப்போது பழைய பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். வெளிப்பக்க பேடில் இன்னும் பாதி இருக்கிறது. உள்பக்க பேட் 3 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டது. பழைய பேடைத் தூக்கிப் போடும் முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும், அந்த விசையில் காலிபர் நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்துக்கொண்டு வரும். அந்த நகர்வு நடப்பது ஸ்லைடு பின் என்ற சறுக்குக் கம்பி மேல்தான். அந்தக் கம்பி இறுகிவிட்டால் உள்பக்கம் மட்டுமே தேயும். இப்படித் தேய்ந்த இடத்தில் பின்னைக் கவனிக்காமல் புது பேடை மாட்டினால், அதுவும் இதே மாதிரிதான் தேயும்.

பின்சக்கரத்தில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குப் போய்விடும். பின் பிரேக் லேசாகவே உழைக்கும், அதனால் துருவும் அழுக்கும் தேய்ந்து போகாமல் அங்கேயே தங்கிவிடும்.

இந்த ஸ்லைடு பின்னை வெளியே இழுக்கிறேன். பாருங்கள், பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டது. பின்னையும் அது போகும் துளையையும் நன்றாகத் துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுகிறேன். சாதாரண மெக்கானிக் கிரீஸ் போடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் பூட், அதாவது ரப்பர் உறை ஊதிப்போய்ப் பின்னைக் கவ்விக்கொள்ளும். இப்போது விரலால் தள்ளினாலே பின் போய் வருகிறது. இந்த அளவுக்கு வர வேண்டும். பின்னில் துரு குழிகள் விழுந்திருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் புது பின் வாங்கிவிடுங்கள்.

அடுத்து டிஸ்க். குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கின் விளிம்பிலோ கிண்ணத்திலோ பொறித்திருப்பார்கள். பின் டிஸ்க் பல கார்களில் ஒற்றைத் தகடுதான், அது தேய்வதற்கான இடம் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். அளக்கும்போது ஓரத்தில் தேயாமல் நிற்கும் மேட்டின் மேல் வெர்னியரை வைத்தால் அளவு தப்பாகத்தான் வரும். அந்த மேட்டைத் தாண்டி உள்ளே அளக்க வேண்டும்.

காலிபரைத் தாங்கும் சட்டமான பிராக்கெட்டின் போல்ட் இரண்டும் கெட்டியாக இருக்கும், நீளமான கைப்பிடி தேவை. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை சீக்கிரம் மழுங்கிவிடும். பொருத்தமான பிட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். பல டிஸ்க்குகளில் இரண்டு மரைத்துளை இருக்கும். அதில் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாகப் பிரிந்து வந்துவிடும், சுத்தியல் அடியே தேவைப்படாது.

நான் அதிக நேரம் செலவழிக்கப் போவது இங்கேதான். டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் இந்த ஹப்பின் முகத்தைப் பாருங்கள், நட் போல்ட்களைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகத் துரு. புது டிஸ்க் இதன் மேல்தான் உட்காரப் போகிறது. ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துரு மிச்சம் இருந்தாலும், ஹப்பைவிட டிஸ்க் ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலம் என்பதால், டிஸ்க்கின் விளிம்பில் அந்தச் சாய்வு கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் ஆகிவிடும். பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் ஆட்டமே அவ்வளவுதான். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகு தடிமன் ஏறியும் இறங்கியும் ஆகிவிடும். பெடலை மிதித்தால் துடிக்கும். "டிஸ்க் வளைந்துவிட்டது, மட்டமான டிஸ்க்" என்று பொருளைத் திட்டுவார்கள். பல நேரம் டிஸ்க்கில் தப்பே இருக்காது.

அதனால் வயர் பிரஷ், அப்புறம் எமரி தாள். ஒவ்வொரு போல்ட்டின் அடியையும் சுற்றித் தேய்க்கிறேன். நடுவில் எழும்பி நிற்கும் வளையத்தையும் விடாதீர்கள். விரலை வைத்துத் தடவினால் எங்கேயும் நெருடக் கூடாது. பிராக்கெட்டில் பேடின் காதுகள், அதாவது இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள் உட்காரும் இடத்துக்கும் இதே கவனிப்பு. தகடு கிளிப்பை எடுத்துவிட்டு அதன் அடியில் உள்ள துருவைச் சுரண்டுங்கள். அங்கே துரு தள்ளினால் புது பேட் இறுகும். சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் அந்த பேட் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

புது டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பூச்சோடு வரும். இரண்டு முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டுகிறேன். பிராக்கெட் போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். புது போல்ட் போடச் சொல்லியிருந்தால் போட்டுவிடுங்கள், இந்த இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

இனி பிஸ்டன். முதலில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும், துணியைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் திருகும் கருவியை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே திருப்புகிறேன். பெரும்பாலும் வலஞ்சுழியாகத்தான் போகும். சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் இடஞ்சுழியாக இருக்கும், போகாவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், திசையைச் சரிபாருங்கள். ரப்பர் பூட் கூடவே முறுக்கிக்கொள்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டு, பேடின் முதுகில் இருக்கும் சின்ன முளைக்கு நேராக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பேட் சாய்வாகத் தேயும்.

பேடின் காதுகளில் மட்டும் பிரேக் கிரீஸ் ஒரு துளி. உரசும் முகத்தில் துளிகூடப் படக் கூடாது. காலிபரை மூடி, போல்ட்டை அளவாக இறுக்கியாயிற்று. அடுத்த பக்கமும் இதே வரிசையில்தான், அதை வேகமாக ஓட்டிக் காட்டுகிறேன்.

இரண்டு பக்கமும் முடிந்தது. காரை நகர்த்தும் முன் பெடலை நிதானமாகப் பல முறை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், பேட் இன்னும் டிஸ்க்கைத் தொடவில்லை. கெட்டியான பிறகுதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு ஹேண்ட்பிரேக்கைச் சில முறை இழுத்து விடுங்கள். ஆயில் அளவை மறுபடி பாருங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுசாக நிற்காமல் மறுபடி வேகம் எடுங்கள். இப்படிப் பத்துத் தடவைபோல, நடுவில் ஆற இடம் விட்டு. சூடான பேடை அழுத்தியபடி காரை நிறுத்தி வைத்தால் டிஸ்க்கில் அந்த இடம் மட்டும் தடம் விழும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, அவசியம் இல்லாமல் பலமாகப் பிரேக் போடாதீர்கள். திரும்பி வந்ததும் இரண்டு பின்சக்கரத்துக்கும் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனலாக அடித்தால் அங்கே பேட் விடுபடாமல் உரசுகிறது, மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள்.