312 ஓட்டு, எட்டு மாதம்

அனைவருக்கும் வணக்கம். தேர்தல் முடிவு வந்தபின் வாக்காளர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் உங்களுக்குத் தெரிந்ததையே நானும் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் ஒரே ஒரு தேர்தலை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2008 நவம்பர் 4 அன்று நடந்த செனட் தேர்தல், அதாவது அந்நாட்டு நாடாளுமன்ற மேலவைக்கான தேர்தல். அதன் முடிவு எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

குடியரசுக் கட்சி சார்பில் நின்றவர் நார்ம் கோல்மன். அப்போது அவர்தான் செனட்டர். அதற்கு முன் செயின்ட் பால் நகர மேயர். எதிரே ஜனநாயகக் கட்சியின் ஆல் ஃபிராங்கன், தொலைக்காட்சி நகைச்சுவையில் பெயர் வாங்கியவர். நடிகர் அரசியலுக்கு வருவது நமக்குப் புதிதில்லை. அவர்களுக்கும் புதிதில்லை, 1998இல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற மல்யுத்த வீரரையே ஆளுநராக உட்கார வைத்த மாநிலம் அது. மூன்றாவதாக நின்ற டீன் பார்க்லி 15 சதவீத ஓட்டைக் கொண்டுபோய்விட்டார். அதே நாளில் நடந்த அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா அங்கே சுமார் 10 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் ஒபாமா வாங்கியதைவிட ஃபிராங்கன் வாங்கியது மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைவு. சொந்தக் கட்சி ஆதரவாளர்களிலேயே பலருக்கு அவர்மேல் மனம் ஒட்டவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பதிவான ஓட்டு ஏறக்குறைய 29 லட்சம். முதல் கணக்கில் கோல்மன் எழுநூற்றுச் சொச்சம் ஓட்டு முன்னிலை. வாக்குச்சாவடிக் கணக்குகளைச் சரிபார்த்ததும் அது 215 ஆகச் சுருங்கியது. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் வந்தால் கையால் மறு எண்ணிக்கை நடத்த வேண்டும் என்பது அன்றைய மாநிலச் சட்டம். கோல்மனோ, வாக்குப்பதிவுக்கு மறுநாளே, ஃபிராங்கன் மறு எண்ணிக்கை வேண்டாமென்று விட்டுக்கொடுத்தால் மாநிலத்துக்கு நல்லது என்ற பொருளில் பேசினார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வதந்தி சும்மா இருக்குமா? மினியாபொலிஸில் ஓர் அதிகாரியின் கார் டிக்கியில் 32 தபால் ஓட்டுகள் கிடந்தன என்று ஒரு கதை கிளம்பியது. ஆதாரம் எதுவும் வரவில்லை. ஆனாலும் கோல்மன் ஆதரவாளர்களில் பலருக்கு 'திருட்டு' என்ற சொல் அன்றே வாய்க்கு வந்துவிட்டது.

நவம்பர் 19இல் மறு எண்ணிக்கை தொடங்கியது. எண்ணுபவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து வைப்பார். இரண்டு பக்கத்து ஆட்களும் மேசையருகே நின்று பார்ப்பார்கள். பிடிக்காத சீட்டுக்கு ஆட்சேபணை சொல்லலாம். ஆறாயிரத்துக்கு மேல் ஆட்சேபணைகள் குவிந்தன. பெரும்பாலானவற்றைப் பின்னால் இரு தரப்புமே வாபஸ் வாங்கின. மிச்சமிருந்தவை ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் போயின. அதில் ஒருவர், தேர்தல் பொறுப்பு வகித்த மாநிலச் செயலர் மார்க் ரிட்சி, ஜனநாயகக் கட்சிக்காரர். மற்ற நால்வரும் நீதிபதிகள்; அவர்களில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் குடியரசுக் கட்சி ஆளுநர் நியமித்தவர்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். அங்கே வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு நீள்வட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! ஒருவர் வட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டிருப்பார். இன்னொருவர் ஒரு பெயருக்கு நிரப்பி, அதை அடித்துவிட்டு, அடுத்த பெயருக்கும் நிரப்பியிருப்பார். வாக்காளரின் எண்ணம் சீட்டில் தெளிவாகத் தெரிந்தால் ஓட்டு செல்லும் என்கிறது சட்டம். கையெழுத்தோ வேறு அடையாளமோ போட்டு, போட்டவர் யார் என்று காட்டிக்கொண்டால் செல்லாது.

பெல்ட்ராமி மாவட்டத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஃபிராங்கன் பெயருக்கு நேரே வட்டம் நிரம்பியிருக்கிறது. கீழே, பட்டியலில் இல்லாதவர் பெயரை எழுதும் கோட்டில், 'பல்லி மனிதர்கள்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் ஆளே கிடையாது, ஆகவே இது ஃபிராங்கனுக்கு விழுந்த ஒற்றை ஓட்டு என்றார் அவருடைய வக்கீல். குழு யோசித்தது. இரண்டு பேருக்குப் போட்ட ஓட்டு, செல்லாது என்றது. படித்த பெரிய மனிதர்கள் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு பல்லி மனிதர்களைப் பற்றி ஆலோசித்ததை நாடே வேடிக்கை பார்த்தது.

வேடிக்கை என்று சொன்னாலும் அது சாதாரண விஷயமில்லை. குழுவின் அமர்வுகள் இணையத்தில் நேரலையாக ஓடின. மினசோட்டா பொது வானொலியும் ஸ்டார் ட்ரிப்யூன் நாளிதழும் சர்ச்சைக்குரிய சீட்டுகளின் படங்களைப் போட்டு, நீங்களே சொல்லுங்கள் என்று மக்களிடம் விட்டன. சமையலறையில் காபியோடு உட்கார்ந்து பத்துச் சீட்டைத் தீர்ப்புச் சொல்லிப் பார்த்தவருக்கு ஒன்று புரிந்திருக்கும்: பெரும்பாலானவற்றில் சந்தேகத்துக்கே இடமில்லை, சிலவற்றில் யார் உட்கார்ந்தாலும் திணறத்தான் வேண்டும். குழுவின் முடிவுகளும் பெரும்பாலும் ஒருமனதாகவே வந்தன. தோற்ற பக்கத்து வாக்காளரை ஓரளவாவது சமாதானப்படுத்தியது இந்தத் திறந்த மேசைதான் என்பது என் வாதம். அவர்கள் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஏன் நம்ப மாட்டேன் என்கிறேன்? தபால் ஓட்டு விவகாரத்தைப் பாருங்கள். சுமார் 12,000 தபால் ஓட்டுகளை அதிகாரிகள் நிராகரித்திருந்தார்கள். விண்ணப்பத்திலும் உறையிலும் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பதிவு பெற்ற வாக்காளர் இல்லை, இப்படிப் பல காரணங்கள். ஃபிராங்கன் பின்தங்கியிருந்தபோது, 'தவறாக ஒதுக்கிய ஓட்டை எண்ணு' என்பது அவர் பக்கத்துக் கோஷம். விதியை மாற்றாதே என்றது எதிர்ப்பக்கம். அப்படி ஒதுக்கியவற்றில் 933 உறைகளை ஜனவரி 3இல் பிரித்தார்கள். ஜனவரி 5இல் குழு ஃபிராங்கன் 225 ஓட்டு முன்னிலை என்று சான்றளித்தது. அவ்வளவுதான், பாட்டு மாறிவிட்டது! இப்போது கோல்மன் தரப்பு 'ஒவ்வொரு ஓட்டையும் எண்ணு' என்கிறது. ஃபிராங்கன் தரப்பு விதியைக் காட்டுகிறது. விட்டுக்கொடுக்கச் சொன்ன அதே கோல்மன் வழக்குப் போட்டார். ஆதரவாளர்களும் கூச்சமில்லாமல் கூடவே இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்கள்.

கோல்மனுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாவட்டம் ஏற்றுக்கொண்ட மாதிரி உறையை இன்னொரு மாவட்டம் தள்ளியிருக்கிறது, இது சமநீதியா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மினியாபொலிஸ் பல்கலைக்கழகப் பகுதியில் ஒரு சாவடியின் 133 சீட்டுகள் உறையோடு காணாமலே போய், தேர்தல் இரவில் இயந்திரம் காட்டிய கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். பத்தாயிரத்தில் ஒன்று அளவுக்கு வித்தியாசம் இருக்கும் தேர்தலில் எந்த எண்ணிக்கையும் அப்பழுக்கில்லாமல் இருக்க முடியாது. மூன்று நீதிபதிகள் விசாரித்து ஏப்ரலில் மேலும் 351 உறைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். ஃபிராங்கனுக்கு 198, கோல்மனுக்கு 111. முன்னிலை 312 ஆகக் கூடியதுதான் மிச்சம்.

இதற்குள் மக்களுக்கு அலுத்துப்போயிருந்தது. ஜனவரியில் கோல்மனின் பதவிக்காலம் முடிந்து அவர் அலுவலகத்தைக் காலி செய்தார். இரண்டு செனட்டர் இருக்க வேண்டிய மாநிலத்தில் ஏமி குளோபுச்சார் ஒருவர்தான். அரசாங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்ட காரியத்துக்கு செனட்டர் அலுவலகத்தை நாடும் ஆட்கள் எல்லாரும் அவரிடமே போனார்கள். ஏப்ரலில் ஸ்டார் ட்ரிப்யூன் எடுத்த கருத்துக்கணிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர், கோல்மன் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். அந்த அலுப்பை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். தெருவில் கல் எறிவதைவிட அலுத்துக்கொள்வது எவ்வளவோ தேவலை.

இழுத்தடித்ததற்கு வாஷிங்டனிலும் காரணம் இருந்தது. ஏப்ரல் இறுதியில் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சிக்கு மாறியதும், ஃபிராங்கன் வந்தால் அந்தக் கட்சியணிக்கு செனட்டின் நூறு இடத்தில் 60 இடம் என்ற நிலை. அறுபது இருந்தால் எதிர்த்தரப்பு முட்டுக்கட்டை போட முடியாது. அந்த டிசம்பர் 24இல் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில் 60க்கு 39 என்று நிறைவேறியபோது, அந்த அறுபதில் ஒன்று மினசோட்டாவின் 312 ஓட்டில் வந்தது.

ஜூன் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒத்துத் தீர்ப்புச் சொன்னது. அன்றே கோல்மன் ஃபிராங்கனை அழைத்து வாழ்த்தினார். குடியரசுக் கட்சி ஆளுநர் டிம் பாலென்டி சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஜூலை 7இல் பதவியேற்பு. திருட்டுத் தேர்தல் என்று நம்பியவர்களில் சிலர் பிறகும் அப்படித்தான் நம்பினார்கள். அவர்களை மாற்ற எந்தத் தீர்ப்பாலும் முடியாது. 2014இல் அதே ஃபிராங்கன் சுமார் 10 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். பெண்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற புகார்களால் 2018 ஜனவரியில் பதவி விலகியது வேறு கதை.

சட்டசபை அந்த உறைகளை மறக்கவில்லை. தபால் ஓட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2013இல் இன்னும் ஒரு படி போய், ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை என்றெல்லாம் காரணம் காட்டாமலே யாரும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்று ஆக்கினார்கள். சரி, நேரமாகிவிட்டது. கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.