விழுந்தவரா, பறந்தவரா?

(பட்டிமன்றத் தலைப்பு: வானத்தை மனிதனுக்குத் திறந்துவிட்டவர் ஓட்டோ லிலியென்தாலா, ரைட் சகோதரர்களா? லிலியென்தால் அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணிக்கும்தான்.

இப்போது பேசிவிட்டுப் போன எதிரணி ஐயா ஒரு போடு போட்டார். "லிலியென்தால் எங்கேய்யா பறந்தார்? மெதுவா விழுந்தார்!" கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். கைதட்டினவங்களையும் பார்த்து வெச்சிருக்கேன். இருங்க, வர்றேன்.

லிலியென்தால் யார்? இன்ஜின் இல்லாத இறக்கையை, அதாவது கிளைடரை, மாட்டிக்கொண்டு குன்றிலிருந்து ஓடிக் காற்றில் மிதந்த ஜெர்மன்காரர். முதலில் அவருடைய நாரைக் கதை. ஜெர்மனியின் வடக்கே ஆன்க்லாம் என்று ஒரு சிற்றூர். ஓட்டோ, தம்பி குஸ்தாவ், இரண்டு பொடியன்கள். புல்வெளியில் செங்கால் நாரை மேய்கிறது. இவர்கள் பதுங்கிப் பதுங்கிப் போகிறார்கள். காற்று பையன்களின் முதுகில் அடிக்கிறது. நாரை என்ன செய்யணும்? எதிர்ப்பக்கம் ஓடணும். நானா இருந்தா ஓடியிருப்பேன், நடுவர் ஐயா எனக்கு முன்னாடி ஓடியிருப்பார். நாரை என்ன செய்தது தெரியுமா? பையன்களைப் பார்த்தே தத்தித் தத்தி வந்து எழும்பியது! மறுபடியும் சொல்றேன், ஆளைக் கண்டாலே மிரளும் பறவை, ஆளை நோக்கியே ஓடி வருது! ஏன்? காற்றை எதிர்த்து ஓடினால்தான் சீக்கிரம் எழும்பலாம். எழும்ப நொடிக்கு 10 மீட்டர் வேகம் தேவை என்று வையுங்கள். எதிர்காற்று 6 மீட்டர் என்றால் கால் ஓட வேண்டியது 4 மீட்டர்தான். அதே காற்று முதுகில் அடித்தால் 16 மீட்டர்! நாரைக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது ஐயா, நமக்குத்தான் தகராறு.

அந்த நாரைப் பாடம் 1894இல் பெர்லின் லிக்டர்ஃபெல்டேயில் ஒரு குன்றாகவே எழுந்தது. அவரே போடவைத்த மண்குன்று, 15 மீட்டர் உயரம், கூம்பு வடிவம். எதற்குக் கூம்பு? காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதை எதிர்த்து ஓடி இறங்கலாம். கிளைடரை வைக்க உச்சியிலேயே கொட்டகை.

இப்போது 'விழுந்தார்' விவகாரம். அந்தக் குன்று உயரத்திலிருந்து ஒரு தேங்காயைப் போடுங்கள், 2 நொடிக்குள் காலடியில் கிடக்கும். ரினோ குன்றுகளில் லிலியென்தால் 250 மீட்டர் வரை போனார். விழுகிறவன் கால் கிலோமீட்டர் தள்ளியா விழுவான்? வில்லோ மரக்கழி, பருத்தித் துணி, 13 சதுர மீட்டர் இறக்கை, 20 கிலோ எடை. இன்ஜின் கிடையாது. தட்டை இறக்கையைவிட லேசாக வளைந்த இறக்கைதான் நன்றாகத் தூக்கும் என்று வருடக்கணக்கில் அளந்து, 1889லேயே புத்தகம் போட்டுவிட்டுத்தான் ஓடத் தொடங்கினார்.

குறையே இல்லையா? இருந்தது. இடது இறக்கை தூக்கினால் காலை இடப்பக்கம் வீசணும். மூக்கு தூக்கினால் முன்பக்கம். ஆனால் அவருடைய தோளும் கையும் சட்டத்துக்குள் மாட்டியிருந்தன. நகர்ந்தது இடுப்புக்குக் கீழேதான். இன்றைய ஹேங் கிளைடரில் உடம்பு முழுவதும் பட்டையில் தொங்குகிறது, அதனால் நன்றாகத் திருப்பலாம். இதை எதிரணி சொல்லியிருந்தால் நானே தலையாட்டியிருப்பேன். சொல்லலியே! 'விழுந்தார்'னு சொல்லிக் கைதட்டு வாங்கத்தானே தெரிந்தது!

சரி ஐயா, விழுந்தார். 1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோல்ன் கிராமத்துக் குன்று. வெயிலில் சூடேறிய காற்று மேலே கிளம்பியது. கிளைடரின் மூக்கு தூக்கியது, வேகம் செத்தது, இறக்கையின் மேல்புறத்தை ஒட்டி ஓட வேண்டிய காற்று விலகியது. அதுதான் ஸ்டால். காலை முன்னால் வீசிப் பார்த்தார். பத்தவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதினார். கழுத்து முள்ளெலும்பு முறிந்தது. மறுநாள் பெர்லினில் உயிர் போனது. வயது 48. மனைவி ஆக்னஸ், நான்கு பிள்ளைகள்.

2000 முறைக்கு மேல் பறந்து இறங்கியவர் ஐயா அவர். அந்த ஒரே ஒரு நாளை எடுத்து அந்த மனுஷனுக்குப் பேர் வைக்கலாமா? அந்த வீட்டில் நாலு குழந்தைகள் இருந்தார்களே!

அந்தச் சாவுச் செய்திதான் அமெரிக்காவின் டேட்டன் நகரத்து சைக்கிள் கடைக்காரர் வில்பர் ரைட்டை உலுக்கியது. பறப்பில் தன் ஆர்வம் லிலியென்தாலின் மரணத்தோடு தொடங்கியது என்று வில்பரே சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் பறக்கப் பாடுபட்டவர்களில் லிலியென்தால்தான் மிக முக்கியமானவர் என்றும் எழுதினார். பின்னாளில் அண்ணனும் தம்பியும் ஆக்னஸ் அம்மாவுக்குப் பணம் அனுப்பினார்கள்.

எதிரணி ஐயா, நீங்கள் யாருக்காக வாதாட வந்தீர்களோ, அந்த இரண்டு பேருமே எங்கள் பக்கம் வந்தாச்சு. நடுவர் அவர்களே, இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். வணக்கம்.