பாசம் மறைத்த தடயம்

நேயர்களுக்கு வணக்கம். துப்பறியும் நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வகையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒரு குடும்பத்தில் எப்போதோ ஒரு கொலை நடந்திருக்கும். வழக்கு முடிந்து, தீர்ப்பும் வந்து, எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அப்போது அந்த வீட்டில் குழந்தையாக இருந்த ஒருவர் வளர்ந்து வந்து, அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பார். கதை அங்கே தொடங்கும்.

இதில் துப்பறிபவரின் பாடு திண்டாட்டம்தான். கால்தடம் கிடையாது, கைரேகை கிடையாது. மிஞ்சியிருப்பது சிலருடைய ஞாபகம் மட்டும். அதுவும் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிப்போன ஞாபகம். ஆனால் அதைவிடப் பெரிய இடைஞ்சல் பாசம் என்பேன். கொலைகாரன் பொய் சொல்வான், அதை எதிர்பார்த்துத்தான் எந்தத் துப்பறிவாளரும் வருகிறார். கொலையில் சம்பந்தமே இல்லாத ஒருவர், தனக்கு வேண்டிய யாரையோ காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொள்கிறாரே, அங்கேதான் விசாரணை தடம் புரள்கிறது.

இதற்கு அகதா கிறிஸ்டி 1942இல் எழுதிய 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' நாவலைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கார்லா என்ற இளம்பெண் துப்பறியும் நிபுணர் புவாரோவைத் தேடி வருகிறாள். அவளுடைய அப்பா எமியஸ் க்ரேல் பெரிய ஓவியர். 16 வருடங்களுக்கு முன் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டவர். கொன்றவள் மனைவி கரோலின் என்று தீர்ப்பாகி, அவளும் சிறையிலேயே இறந்துவிட்டாள். தான் நிரபராதி என்று அம்மா எழுதி வைத்த கடிதம், கார்லாவுக்கு 21 வயதானபோது கைக்கு வருகிறது. அவளுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. அம்மா கொலைகாரியா இல்லையா என்று தெரியாமல் எப்படி ஒரு குடும்பத்தைத் தொடங்குவது?

புவாரோ முதலில் வக்கீல்களையும் போலீஸ் அதிகாரியையும் பார்க்கிறார். யாருக்கும் துளி சந்தேகம் இல்லை, கரோலின்தான் செய்தாள் என்கிறார்கள். வழக்கு நடந்தபோதும் அவள் பெரிதாகப் போராடவில்லையாம். அப்புறம் சம்பவத்தன்று வீட்டோடு சம்பந்தப்பட்டிருந்த ஐந்து பேரைத் தேடிப் போய், நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்கிறார். ஒரே நாள், ஐந்து கடிதங்கள். இவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நாம் துருவித் துருவிப் படிக்கிறோம். ஆனால் மற்ற நான்கு பேர் உண்மையையே எழுதியும் தப்பான முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அதுதான் இந்த நாவலின் சாமர்த்தியம்.

ஒரே ஒரு தடயத்தைச் சொல்கிறேன். கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். ஆனாலும், முன்கூட்டி எதுவுமே தெரியக்கூடாது என்பவர்கள் ஒரு நிமிடம் வானொலியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எமியஸ் இறந்துகிடந்தபோது, கரோலின் பீர் பாட்டிலைத் துடைத்து, இறந்தவரின் விரல்களை அதன்மேல் அழுத்தியதைத் தன் கண்ணால் பார்த்தவர். கரோலின்மேல் இருந்த அன்பால் அதைப் போலீசிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து, வீண் நம்பிக்கையில் இருக்கிறாளே இந்தப் பெண் என்ற வருத்தத்தில் புவாரோவிடம் சொல்கிறார். கரோலினின் குற்றத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்பது அவர் எண்ணம். புவாரோவுக்கோ அவள் நிரபராதி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஏனென்றால் விஷம் இருந்தது கண்ணாடித் தம்ளரில், பாட்டிலில் இல்லை. விஷம் எதில் கலக்கப்பட்டது என்றே தெரியாதவள்தான் பாட்டிலைத் துடைப்பாள். அப்படியானால் எதற்காகத் துடைத்தாள்? தான் நேசித்த வேறொருவர்தான் கொன்றுவிட்டார் என்று தவறாக நினைத்து, அவரைக் காப்பாற்றத்தான். ஆசிரியை கரோலினுக்காக மௌனம் காத்தார், கரோலின் இன்னொருவருக்காக. இரண்டு பேருடைய நல்ல மனசுக்கும் நடுவில் உண்மையான கொலையாளி நிம்மதியாக வெளியே போய்விட்டார். இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, இது கற்பனை. நிஜத்தில் இப்படி நடக்குமா? 1860 ஜூன் மாத இறுதியில், இங்கிலாந்தின் வில்ட்ஷையர் பகுதியில் ரோட் ஹில் ஹவுஸ் என்ற வீட்டில், நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் இரவோடு இரவாகப் படுக்கையிலிருந்து காணாமல் போனான். வீட்டுத் தோட்டத்துக் கழிப்பறையில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜாக் விச்சர் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். சிறுவனுடைய அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த 16 வயது மகள் கான்ஸ்டன்ஸ்மேல் அவருக்குச் சந்தேகம். அவளுடைய இரவு உடைகளில் ஒன்று குறைந்தது. ரத்தக்கறை பட்டதால் அவள் அதை ஒழித்திருப்பாள் என்று அவர் நினைத்தார். அந்த உடை கடைசிவரை கிடைக்கவில்லை. கைதான பெண் வெளியே வந்துவிட்டாள்.

மக்களின் கோபம் அப்படியே விச்சர்மேல் திரும்பியது. சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு போலீஸ்காரன், கௌரவமான வீட்டுக்குள் புகுந்து பெண்பிள்ளையின் துணிமணிகளை எண்ணுவதா என்று கொதித்தார்கள். ஒரு பிஞ்சுக் குழந்தை செத்துப்போனதைவிட, வீட்டுக் கதவு திறக்கப்பட்டதுதான் பலருக்கு உறுத்தியது! விச்சர் 1864இல் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் போனார். அடுத்த வருடமே கான்ஸ்டன்ஸ் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 20 வருடம் சிறையில் இருந்தாள்.

அவளுக்கு வில்லியம் என்று கூடப்பிறந்த தம்பி உண்டு. இருவரும் ஒட்டிக்கொண்டே வளர்ந்தவர்கள், ஒருமுறை சேர்ந்தே வீட்டைவிட்டு ஓடிப்போனவர்கள். கொலையில் அவனுக்கும் பங்கு இருந்திருக்கலாம், அவனைக் காப்பாற்றத்தான் அக்கா முழுப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்ற சந்தேகம் இந்த வழக்கை ஆராய்ந்தவர்களிடம் இருக்கிறது. நிரூபணம் எதுவும் இல்லை. கான்ஸ்டன்ஸ் 1944இல், தன் 100ஆவது வயதில், ஆஸ்திரேலியாவில் இறந்தாள்.

இந்த வழக்கின் சாயல் 1868இல் வெளியான வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' நாவலில் தெரிகிறது. அதிலும் கறைபட்ட ஓர் இரவு உடையைத் தேடுகிறார்கள். அதிலும் ஒரு பெண், தன் கண்ணால் பார்த்ததைப் பாசத்தால் சொல்லாமல் மறைக்கிறாள்.

இந்த வகையில் இப்போது வருகிற பல கதைகளில் எனக்கு ஒரு குறை. குடும்ப ரகசியம் என்றாலே பரணில் ஒரு டைரி, இல்லையென்றால் யாருக்கும் தெரியாத இரட்டைப் பிறவி. டைரி கிடைத்துவிட்டால் அப்புறம் துப்பறிபவர் எதற்கு? மறைத்தவருக்கு மறைக்க ஒரு நியாயம் இருக்க வேண்டும். அது நமக்கும் நியாயமாகப் பட வேண்டும். அந்த நியாயத்தை யோசிக்கச் சோம்பல்படுகிற எழுத்தாளர்கள்தான் டைரியைத் தேடிப் போகிறார்கள்.

கிறிஸ்டியின் நாவலைப் புதிதாகப் படிக்கப் போகிறவர்கள், அந்த ஐந்து கடிதங்கள் வரும்போது கதையின் வேகத்துக்காக அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒருவர் ஒரு வரியில் முடித்துவிட்டுப் போவதை இன்னொருவர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், புவாரோவுக்கு முன்பே நீங்கள் பிடித்துவிடலாம். நன்றி, வணக்கம்.