மாத்திரையின் நேரம் சுருங்கும்போது

வணக்கம். பார்க்கின்சன் என்ற நடுக்கவாத நோய் வந்து எட்டு, பத்து வருஷம் ஆன ஒருவர் வீட்டில் இருக்கிறாரா? இன்றைக்குப் பேசப்போவது உங்களுக்காகத்தான்.

உடம்பை அசைக்க மூளைக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனம் இந்த நோயில் குறைந்துபோகிறது. ஆரம்பத்தில், அதை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையை மூன்று வேளை போட்டால் நாள் ஓடிவிடும். வருஷம் போகப்போக, போட்ட மாத்திரை இரண்டு, மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது, அடுத்தது ஏறுவதற்குள் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, ஏறிவிட்டாலோ உடம்பு தானாக நெளிந்து ஆடுகிறது. மாத்திரை போலி என்று கடையை மாற்றுகிறவர்களும் உண்டு. கடைக்காரர் பாவம். டோபமைனைச் சேர்த்துவைத்து நிதானமாக விடும் நரம்பணுக்கள் அழிந்துவிட்டதால், ரத்தத்தில் மருந்து ஏறுவதும் இறங்குவதும் அப்படியே உடம்பில் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு நாளில் ஐந்து வேளையாவது லெவோடோபா தேவைப்படுகிறதா, இரண்டு மணி நேரமாவது முடங்கிக் கிடக்கிறாரா, ஒரு மணி நேரமாவது தொந்தரவான ஆட்டம் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த கட்ட சிகிச்சை பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எல்லாம் முற்றிய பிறகு போனால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும்.

எல்லோரும் முதலில் கேட்பது மூளை ஆபரேஷன், அதாவது டிபிஎஸ். பிரான்சில் கிரெனோபிள் நகரத்து மருத்துவர் பெனபிட் 1987-இல் நடுக்கத்துக்காகத் தொடங்கியது. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பிகளை வைத்து, மார்புத் தோலுக்கு அடியில் இருக்கும் பேட்டரியோடு இணைப்பார்கள். இது நோயைக் குணமாக்காது, நோய் வளர்வதையும் நிறுத்தாது. மாத்திரை நன்றாக வேலை செய்யும் அந்த நேரத்தில் அவர் எப்படி நடக்கிறாரோ, ஏறக்குறைய அதையே நாளின் பெரும்பகுதிக்கு நீட்டிக் கொடுக்கும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மாத்திரைக்கு மசியாத நடுக்கமும் இதில் அடங்கலாம். ஆனால் மாத்திரை போட்ட உச்ச நேரத்திலும் தள்ளாடி விழுகிறவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் தள்ளாட்டம் போகாது, பேச்சுக் குழறல் சிலருக்குக் கூடவும் செய்யும், மறதி நோய் முற்றியவருக்கு இதைச் செய்வதே இல்லை. அதனால்தான் ராத்திரியிலிருந்து மருந்தை நிறுத்திவைத்து, காலையில் கொடுத்து, எவ்வளவு மாற்றம் வருகிறது என்று முதலில் சோதித்துப் பார்க்கிறோம். அந்தச் சோதனையைச் செய்யாமலே தேதி கொடுக்கிறார்கள் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

ஆபரேஷன் ஒத்துவராதவருக்கு மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் இருக்கிறது. டோபமைனைப் போலவே வேலை செய்யும் அபோமார்ஃபின் என்ற மருந்தைத் தோலுக்கு அடியில் சிறு ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தலாம். குமட்டல் வரும், ஊசி போட்ட இடம் கட்டிதட்டும், ரத்த அழுத்தமும் இறங்கலாம். லெவோடோபாவையே கூழாக்கி, வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடலுக்குக் குழாய் வழியாக அனுப்பும் முறையும் உண்டு. தோலுக்கு அடியில் செலுத்தும் லெவோடோபா பம்ப் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2024-இல் அனுமதி கிடைத்தது. எந்தப் பம்பாக இருந்தாலும் தினமும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும், இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மண்டையில் துளையே போடாமல் எம்ஆர்ஐ உதவியோடு ஒலி அலையைக் குவித்து மூளையில் ஒரு புள்ளியைச் சுடும் சிகிச்சையும் இருக்கிறது. டிபிஎஸ் கருவியை வேண்டாமென்றால் அணைக்கலாம், சுட்ட இடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று. வேறு எதற்காவது ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் பார்க்கின்சன் மாத்திரையை வழக்கமான நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும், குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலும் இவருக்குக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி, அவருடைய மருந்துப் பையிலேயே வைத்துவிடுங்கள்.