முட்டம் பாறையக் காட்டினா குமரிப் படம் ஆயிருமா?

வணக்கம் மக்களே. முட்டம் கலங்கரை விளக்கத்துப் பக்கம் நிக்கேன், காத்து பலமா இருக்கு, சத்தம் இரைஞ்சா பொறுத்துக்கிடுங்க. 1981ல அலைகள் ஓய்வதில்லை, 1986ல கடலோரக் கவிதைகள், ரெண்டும் பாரதிராஜா, ரெண்டும் இந்தப் பாறைதான். அதுக்கப்புறம் முட்டம்னாலே காதலுக்கு எழுதி வச்ச ஊருன்னு ஆயிப்போச்சு. பாறை நல்லாத் தெரியுது, சரி. பாறைக்குப் பின்னால குடியிருக்க மனுசன் தெரியுதானா? ஒரு படத்துல நம்ம மாவட்டம் இருக்கா, இல்ல நம்ம மாவட்டத்துப் பின்னணி மட்டும் இருக்கான்னு எப்படிச் சோதிக்கதுன்னு இன்னைக்குச் சொல்லுகேன்.

ஒரு நோட்டுல முதல் வரியா, படம் எடுத்த இடம் எது, கதை நடக்க இடம் எதுன்னு பிரிச்சு எழுதிக்கிடுங்க. 2013ல வந்த கடல் படத்துக்குக் கதை வசனம் எழுதினது நம்ம மாவட்டத்து ஜெயமோகன். ஆனா ஷூட்டிங் நடந்தது தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பக்கம். அந்த மணல் மேட்டையும் கோயிலையும் பாத்துட்டு குமரிக் கடற்கரையப் பத்திப் பேசினா முதல் வாக்கியமே தப்பாயிரும்.

அடுத்தது, படம் முழுசையும் ஒரேடியா அலசக் கிளம்பாதீங்க. மூணே மூணு காட்சி எடுங்க: ஒரு சாப்பாடு, ஒரு சண்டை, ஒரு கல்யாணம் இல்லன்னா ஒரு சாவு. ஆளு தன்னை மறைக்க முடியாத இடம் இந்த மூணும்தான். ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாருங்க. முதல் தடவ மியூட்ல. ரெண்டாவது, போனைக் கவுத்து வச்சு ஹெட்ஃபோன்ல சத்தம் மட்டும். மூணாவதுதான் சாதாரணமா. சப்டைட்டில் மூணு தடவையும் வேண்டாம், கண்ணு அங்கேயே போயிரும்.

மியூட்ல பாக்கும்போது செவரப் பாருங்க, நெத்தியப் பாருங்க. நம்ம கடற்கரை ஊருங்கள்ல பெரும்பாலும் ரோமன் கத்தோலிக்கம். கடற்கரைய விட்டு உள்ள வந்தா சி.எஸ்.ஐ.ன்னு சொல்லுக தென்னிந்தியத் திருச்சபை, இரட்சணிய சேனை, ரெண்டும் புராட்டஸ்டண்ட் சபை. கத்தோலிக்கப் பீடத்துல இயேசு தொங்குற சிலுவை இருக்கும், புனிதர் சொரூபம் இருக்கும். சி.எஸ்.ஐ. கோயில்ல வெறும் சிலுவை, சொரூபம் கிடையாது, போதகருக்குக் குடும்பம் உண்டு. நிறைய சினிமாவுல இது ரெண்டையும் கலக்கி, எந்தச் சபையிலயும் இல்லாத ஒரு சர்ச்ச ஆர்ட் டைரக்டர் கட்டி வச்சிருப்பாரு. இதுல என்ன பெரிய தப்புங்கியளா? சபை எதுன்னு தெரிஞ்சாத்தான் அந்தக் குடும்பம் என்ன தொழிலு, எந்தச் சாதியில இருந்து வந்தது, யாருக்குப் பொண்ணு கொடுக்கும்னு ஓரளவு பிடி கிடைக்கும். வெறுமனே கிறிஸ்தவன்னு காட்டிட்டா சாதி மறைஞ்சிரும்.

அலைகள் ஓய்வதில்லை கடைசிக் காட்சிய இதை மனசுல வச்சுப் பாருங்க. பையன் பூணூல எடுக்கான், பொண்ணு சிலுவைய எடுக்கா. பையன் பக்கம் விட்டது மதமும் சாதியும். பொண்ணு பக்கம் மதம் மட்டும்தான் படம் கணக்குல எடுக்குது. ரெண்டும் சமம்னு காட்சி சொல்லுது, தராசு சமமா இல்ல. நான் அந்தப் படத்தக் குறை சொல்லல, 1981ல வணிகப் படத்துல அவ்வளவு தூரம் போனதே பெருசு.

அய்யாவழிக்காரங்க, அதாவது அய்யா வைகுண்டர் வழியில போறவங்க, நம்ம மாவட்டத்துல எவ்வளவு பேரு! அவங்க கும்பிடுக தலமான சாமித்தோப்புப் பதி இருக்க மண்ணு இது. பதிக்குள்ள சிலை கிடையாது, கண்ணாடிதான். ஆம்பிள தலப்பா கட்டித்தான் உள்ள போகணும். வெகுஜனப் படத்துல இந்தக் கோலத்த எத்தன தடவ பாத்திருக்கீங்க? எது காட்டப்படலங்கதையும் நோட்டுல எழுதணும். இன்னொண்ணு, பழைய திருவிதாங்கூர் காலத்துக் கதையின்னா பொம்பளைங்க உடுப்பப் பாருங்க. தோள்சீலைக்காக, அதாவது பொம்பளைங்க மாரை மறைச்சு மேல்துணி போடுக உரிமைக்காக, இங்க சனங்க அடிவாங்கினது வரலாறு, 1859லதான் மகாராஜா அறிவிப்பு வந்தது. அதுக்கு முந்தின கதையில எல்லாருக்கும் ஒரே மாதிரி ரவிக்கைய மாட்டிவிட்டா அந்தப் போராட்டமே இல்லாமப் போயிருது.

இனி சத்தம். ரெண்டு ‘மக்கா’, மூணு ‘லேய்’ போட்டா குமரித் தமிழ்னு வசனம் எழுதுறவங்க நெனச்சுக்கிடுகாங்க. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் பேச்சு நெல்லையை ஒட்டிப் போகும். கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாளத்த ஒட்டிப் போகும். கடற்கரைப் பேச்சு இது ரெண்டுலயும் சேராது. அதனால சொல்லை எண்ணாதீங்க. யார் யாரை என்ன முறை வச்சுக் கூப்பிடுகா, கோவம் வந்தா பேச்சு மாறுதா, மூத்தவன் எறங்கிப் பேசுகானா, அதைக் கேளுங்க. கதாநாயகி மட்டும் மெட்ராஸ் தமிழ்ல பேசி, அவ அம்மா வட்டாரத் தமிழ் பேசினா, அழகுன்னா ஊருச் சாயல் இருக்கக் கூடாதுன்னு படம் நம்புதுன்னு அர்த்தம்.

இந்தச் சோதனையெல்லாம் தாங்குற ஒரு படம் ஒழிமுறி. 2012, மலையாளம், மதுபால் இயக்கம், எழுத்து ஜெயமோகன். நம்ம ஊரு கோர்ட்டு, நம்ம ஊரு நாயர் வீடு. அம்பத்தஞ்சு வயசுல ஒரு பொம்பள புருசன் வேண்டாம்னு விவாகரத்துக்கு நிக்கா. வேற ஊருல பாத்தா குடும்பக் கதை. மருமக்கதாயம்ங்க தாய்வழிச் சொத்து முறை தெரிஞ்சவனுக்கு அது வேற படம். பொண்ணுங்க பேரப் பாருங்க: மாமியார் காளிப்பிள்ளை, மருமக மீனாட்சிப் பிள்ளை. சொத்தும் வீடும் தாய்வழி வந்த காலத்துல பிள்ளைப் பட்டம் அவளுக்கும் உண்டு, புருசன் வந்து போற ஆளு. 1925ல நாயர் சட்டம் வந்ததும் தரவாடு, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பச் சொத்து, பாகம் பிரிய வழி வந்தது, மெல்ல அதிகாரம் ஆம்பிள கைக்குப் போச்சு. மாமியாருக்கு இருந்த நிமிர்வு மருமகளுக்கு இல்லாமப் போனது இப்படித்தான், அவ குணத்தால இல்ல. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்லயும் மருமக்கள் வழி இருந்தது. கவிமணி அதைக் கிண்டலடிச்சுப் பாட்டே எழுதியிருக்காரு, அதையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாத்தா படம் இன்னும் தொறக்கும்.

தனுஷ் நடிச்ச மரியான் படத்துக்கு சுருக்கமா வாறேன். கதாநாயகன் ஊரு நீரோடி. அவன் தனியா முங்கி ஈட்டியால மீன் குத்துகான். தூத்தூர், நீரோடி பக்கம் ஆளுங்க பேரெடுத்தது ஆழ்கடல் தூண்டில்லயும் சுறாவுலயும். கூட்டமா விசைப்படகு ஏறி வாரக்கணக்குல கடல்ல கிடக்க வேலை அது. படத்துக்கு ஒத்தை வீரன் வேணும், அதனால கூட்டுத் தொழில் காணாமப் போயிருது. தப்பு கண்டுபிடிக்கது மட்டும் விமர்சனம் ஆகாது கேட்டியளா, அந்தத் தப்பால படத்துக்கு என்ன லாபம்னு கேக்கணும்.

கடைசியா, திரைக்கு வெளிய. மலையாளத்தோட முதல் படம்னு சொல்லுக விகதகுமாரன எடுத்தது அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல். 1928ம்பாங்க, 1930ன்னும் சொல்லுவாங்க. பேசாப் படம், அதுக்கு என்ன பாஷை? அதுல பி.கே. ரோஸிங்க தலித் பொண்ணு நாயர் பொண்ணா நடிச்சாங்க. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர்ல மேல்சாதிக் கூட்டம் கலவரம் பண்ணிச்சு, ரோஸி வீட்ட எரிச்சாங்க, அவங்க ஊரவிட்டு ஓடி நாகர்கோவில் பக்கம் வந்து வேற பேருல வாழ்ந்தாங்க. டேனியல் 1975ல அகஸ்தீஸ்வரத்துலயே செத்தாரு. கேரளாவுல அவர் பேருல விருது வந்தது 1992ல. அந்தப் படத்தோட பிரதி இன்னைக்கு இல்ல. அதனால இந்த ஒரு படத்துக்கு மட்டும் மூணு தடவ பாக்குற முறை செல்லாது. யாரு யாரா நடிக்கலாம், யாரு எந்திரிச்சு நின்னு கத்தினாங்கன்னு தியேட்டர் உள்ள நடந்ததத்தான் படிக்கணும். இதையே இப்ப வார படத்துக்கும் செய்யலாம்: எந்தச் சமூகத்துக் கதாபாத்திரத்துக்கு எந்த நடிகரப் போட்டிருக்காங்க, போஸ்டர்ல யாரு முகம் பெருசுன்னு ஒரு வரி எழுதி வைங்க.

அடுத்த வீடியோ நம்ம ஒழுகினசேரிக்காரரு, நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனப் பத்தி. 1949ல வந்த நல்லதம்பியில கிந்தனார் காலட்சேபம் இருக்கு. அதை மட்டும் படம் பாக்காம சத்தத்துல கேட்டுட்டு வாங்க, வில்லுப்பாட்டு எங்க எட்டிப் பாக்குதுன்னு அங்க இருந்து தொடங்கலாம்.