அடுத்த வீட்டுக்காரரின் வருமானம்

அவையோருக்கு வணக்கம்.

அடுத்த வீட்டுக்காரர் போன வருடம் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு வரி கட்டினார்? நார்வேயில் இதை எல்லோரும் பார்க்கலாம். வரித்துறையே பட்டியலைத் திறந்து வைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் இது. அப்போதெல்லாம் அலுவலகத்துக்குப் போய் ஏட்டைப் புரட்ட வேண்டும். 2001இல் பட்டியல் இணையத்துக்கு வந்ததும், முதலாளி, மைத்துனர், பழைய காதலி என்று ஊரே தேட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் 2014இல் ஒரு விதி வந்தது: யார் தேடினார் என்பதைத் தேடப்பட்டவரும் தெரிந்துகொள்ளலாம். அவ்வளவுதான், தேடல்கள் மளமளவென்று சரிந்தன. பட்டியலை மூடவில்லை, எட்டிப் பார்ப்பவரின் பெயரையும் திறந்துவிட்டார்கள். குறும்பான ஏற்பாடு, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதை ஒரு ஜெர்மன்காரரிடம் சொன்னால் ஆடிப்போவார். 2010இல் தெருக்களைப் படமெடுத்து இணையத்தில் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ அங்கே 20 நகரங்களில் வந்தபோது, சுமார் 2,44,000 குடும்பங்கள் தங்கள் வீட்டுப் படத்தை மங்கலாக்கச் சொல்லிவிட்டன. தெருவில் போகிற எவரும் பார்க்கும் வாசல்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் 1939 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாத்தா பாட்டிகளில் யார் யூதர் என்று நாஜி அரசு கேட்டு வாங்கியது. கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி உளவுத்துறை சொந்த மக்கள் மீதே கோப்பு சேர்த்தது. மேற்கு ஜெர்மனியிலோ 1983 கணக்கெடுப்புக்கு எதிராக மக்கள் கிளம்ப, தன்னைப் பற்றிய தகவல் எங்கே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திறந்த தரவு, அதாவது தகவல்களை எல்லோரும் பார்க்கத் திறந்து வைப்பது, என்றதும் சில நாடுகளுக்குத் தாராள மனசு, சில நாடுகளுக்குக் கஞ்சத்தனம் என்று தரம் பிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தந்த ஊர் மக்கள் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள், விஷயம் விளங்கும்.

சரி, நம் கதை? ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் சம்பளம் கேட்கக் கூசாதவர்கள் நாம். அரசியல்வாதியை நம்பாதவர்களும் நாம்தான். அதனால், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் பலனாக, தேர்தலில் நிற்பவரின் சொத்து, கடன், வழக்கு, வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகை எல்லாம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கின்றன. ஓர் அரசு அதிகாரியின் வரிக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். அது தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால்தான் தர முடியும் என்று அதே நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது.