எண்ணின் பொய்யைப் பிடித்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

அரசியலையும் சமூகத்தையும் விளங்கிக்கொள்ளப் பெரிதும் கைகொடுப்பது அனுபவமா, புள்ளிவிவரமா என்பது இன்றைய கேள்வி. அனுபவமே என்று எனக்கு முன்னால் பேசிய அம்மா மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலு பேரிடம் பேசினாலே நாட்டு நடப்பு தெரிந்துவிடும், கணக்கெடுப்பு எதற்கு என்றார். எண்கள் பொய் சொல்லும் என்றார். மனிதனை எண்ணாக்கிவிட்டால் அவன் கண்ணீர் தெரியாது என்றார். நன்றாகத்தான் பேசினார். ஒரு இடத்தில் நானே கை தட்டிவிட்டேன். எங்கள் அணித்தலைவர் முறைத்த பிறகுதான் நிறுத்தினேன்.

முதலில் அந்த நாலு பேரைப் பார்ப்போம். யார் அவர்கள்? நம்மோடு பேசுகிறவர்கள். நம்மோடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். நம் கருத்தையே நாலு வாயால் கேட்டுவிட்டு, நாடே இப்படித்தான் நினைக்கிறது என்று வீடு திரும்புகிறோம். தேர்தல் முடிவு வந்த அன்று, "எனக்குத் தெரிந்த ஒருத்தர்கூட அவருக்கு ஓட்டுப் போடவில்லையே, எப்படி ஜெயித்தார்?" என்று கேட்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவரை ஜெயிக்க வைத்தது அந்த ஐந்தாவது ஆள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றும் அம்மா சொன்னார். உண்மை. மாதிரிக் கணிப்பை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது ஏன் பலிக்கிறது? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. சமூகம் அப்படி வேகும் பானை இல்லையே!

1936இல் அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன்தான் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஜெயித்தவர் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட். அதுவும் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு! எதிரணியில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், பார்த்தீர்களா எண் பொய் சொன்னதை என்று. கொஞ்சம் பொறுங்கள், கதை பாதிதான் ஆகியிருக்கிறது.

பத்திரிகைக்கு முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன? முக்கியமாகத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அப்புறம், சீட்டு போய்ச் சேர்ந்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் பதிலே போடவில்லை. வேலை மெனக்கெட்டுப் பதில் போட்டவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள் அதிகம். நடுவர் அவர்களே, முன்வரிசை கை தட்டுவது மட்டும் உங்கள் காதில் விழுந்து, அதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. 20 லட்சம் பருக்கை எடுத்தும் என்ன பயன், எடுத்ததெல்லாம் பானையின் மேலாக்கில்!

சரி, இந்தப் பொய்யைப் பிடித்தது யார்? அதே ஆண்டு ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர், மிகச் சிறிய கூட்டத்தை மட்டும் கேட்டு, ரூஸ்வெல்ட்தான் என்றார். அது பெரிதில்லை. பத்திரிகை சீட்டு அனுப்புவதற்கு முன்பே, லாண்டன் ஜெயிப்பார் என்றுதான் இது சொல்லப்போகிறது, அது தப்பாகத்தான் போகும் என்றும் எழுதிவிட்டார். பத்திரிகைக்கு அனுபவம் இல்லாமலா? 1916இலிருந்து வரிசையாக ஐந்து தேர்தல்களில் ஜெயித்தவரைச் சரியாகச் சொன்ன அனுபவம் இருந்தது. அந்த அனுபவம்தான் அதைச் சந்தேகப்படவிடாமல் கெடுத்தது.

காலப் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை, 1948 அதிபர் தேர்தலில் அவரும் கவிழ்ந்தார். டியூயி என்றார், ட்ரூமன் வந்தார். தேர்தலுக்குச் சில வாரம் முன்பே மக்களைக் கேட்பதை நிறுத்திவிட்டது ஒரு காரணம். இத்தனை ஆண், இத்தனை பெண் என்று பங்கு மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆளைத் தேர்ந்தெடுப்பதைக் கேள்வி கேட்கப் போனவரின் விருப்பத்துக்கு விட்டது இன்னொன்று. இதையும் ஆய்வாளர்கள் குழு ஒன்று கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னது. குலுக்கல்போல ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை அதற்குப் பிறகுதான் வலுத்தது.

2016 அமெரிக்க அதிபர் தேர்தலையும் இழுத்தார் அம்மா. ட்ரம்ப் ஜெயிக்க நூற்றுக்கு 29 வாய்ப்பு என்று ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்புத் தளம் கடைசியாகச் சொன்னது. அவர் ஜெயித்ததும், கணிப்பு செத்துப்போனது என்றார்கள். நூற்றுக்கு 29 என்றால் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. மழைக்கு அந்த அளவு வாய்ப்பு என்று சொன்ன நாளில் குடை எடுக்காமல் போய் நனைந்தால், வானிலை ஆய்வாளரைத் திட்டுவீர்களா? எதிர்த்து நின்ற ஹிலரி கிளின்டனுக்கு 98, 99 என்று கொடுத்த வேறு சில கணிப்புகளும் இருந்தன. அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அங்கேயும் கோளாறு எதில் என்று பின்னால் தெரிந்தது. கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் கணிப்புகளுக்கு அதிகம் பதில் சொல்கிறார்கள். பல மாநிலக் கணிப்புகள் அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தன. கண்டுபிடித்தது யாருடைய உள்ளுணர்வும் இல்லை, மறுபடியும் கணக்குதான்.

சராசரி ஆழம் நாலடி என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் மூழ்கிப்போன கதையைச் சொல்லி அம்மா கைதட்டல் வாங்கினார். நான் கை தட்டியது அங்கேதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவனைக் கொன்றது எண் இல்லை. ஒரே ஒரு எண்ணோடு திருப்திப்பட்டு, அதிகபட்ச ஆழம் எவ்வளவு என்று கேட்காமல் விட்டதுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி எங்கள் அணியில்தான் சேரும்!

ஒரே எண்ணோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் நல்ல சாட்சி. 1973இல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. அப்பட்டமான பாரபட்சம் என்றுதானே தோன்றும்? துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. மொத்தத்தில் பெண்களுக்குச் சற்றுச் சாதகமாகக்கூட இருந்தது. போட்டி கடுமையான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். எண் பொய் சொன்னதா? சொன்னது. பிடித்தது? இன்னும் நுணுக்கமான எண். இதனால் பாரபட்சமே இல்லை என்று ஆகிவிடாது. எந்தத் துறைக்கு யார் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று கேள்வி பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நகர்ந்தது. அது இன்னும் பெரிய கேள்வி.

இனி கண்ணீர். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

1880களின் லண்டன். ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்று கேட்டால், வசதியானவர்கள் பலரின் அனுபவம் தயாராக ஒரு பதில் வைத்திருந்தது: குடிக்கிறான், சோம்பேறி. சார்லஸ் பூத் என்ற கப்பல் முதலாளி தெருத் தெருவாகக் கணக்கெடுக்க ஆட்களை அனுப்பினார். வசதிக்கு ஒரு நிறம், வறுமைக்கு ஒரு நிறம் என்று தெருக்களுக்கு வண்ணம் தீட்டி வரைபடமே போட்டார். லண்டன் மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாகக் கணக்கு வந்தது. கொடிய வறுமையில் இருந்த குடும்பங்களை எடுத்து, காரணம் காரணமாகப் பிரித்தார். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் காரணம் வேலை: கூலி போதவில்லை, அல்லது நிலையான வேலை இல்லை. நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நோய், பெரிய குடும்பம் போன்றவை. குடியும் ஊதாரித்தனமும் சேர்ந்து ஏழில் ஒரு பங்குதான். ஏழையின் மேல் விழுந்த பழியைத் துடைத்தது அந்த அட்டவணை. முதியோருக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று பூத் வாதாடினார். 1908இல் பிரிட்டனில் அதற்குச் சட்டமும் வந்தது.

இன்னொன்று. 1990இல் பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் ஒரு கணக்குப் போட்டார். பிறக்கும்போது 100 பெண்ணுக்கு 105 ஆண் என்ற அளவில் பிறப்பது இயற்கை. ஆனால் ஒரே மாதிரி சாப்பாடும் மருத்துவமும் கிடைத்தால், எந்த வயதிலும் ஆணைவிடப் பெண்ணே அதிகம் தாக்குப்பிடிக்கிறாள். அந்த விகிதப்படி ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருந்திருக்க வேண்டிய பெண்களிலிருந்து, இருக்கிற பெண்களைக் கழித்தார். 10 கோடிக்கும் மேல் காணவில்லை!

அம்மா, இந்தப் பத்துக் கோடிப் பேரை எந்த அனுபவத்தால் பார்த்திருப்பீர்கள்? ஒரு வீட்டில் கேட்டால், குழந்தை காய்ச்சலில் போய்விட்டது என்பார்கள். அடுத்த வீட்டில், எங்களுக்குப் பிறந்தது இரண்டும் பையன் என்பார்கள். எந்த வீட்டின் முகத்தைப் பார்த்தும் பொய் என்று சொல்லிவிட முடியாது, பல வீடுகளில் அது பொய்யாகவும் இருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் விதி. சேர்த்து எண்ணினால்தான் அது குற்றம் என்று தெரிகிறது. பிறக்காமலோ வளராமலோ போனவளிடம் உட்கார்ந்து பேச முடியாது. அவள் உங்கள் நாலு பேரில் ஒருத்தியாக வரவே மாட்டாள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு கோரிக்கையோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், ஓர் எண் சொன்ன பொய்யை இன்னொரு எண்ணின் துணையே இல்லாமல் பிடித்த கதை ஒன்று, ஒன்றே ஒன்று, சொல்லட்டும். சொல்லிவிட்டால் தீர்ப்பை அவர்கள் பக்கமே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நாலைந்து கதை இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தால், நாங்கள் எண்ணுவோம்.

நன்றி, வணக்கம்.